இருபது வயதில் வழி தேடிய இறைநேசர்



ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரப் பள்ளிவாசல்களில் ஜும்ஆத் தொழுகை முடிந்து ஊரார் கலைந்து சென்ற பின்னரும், தூண் ஓரத்தில் இரண்டொரு இளைஞர்கள் எழ மனமின்றி அமர்ந்திருப்பதை நீங்கள் கண்டிருக்கக் கூடும். ஆலையின் அடையாள அட்டை சட்டைப் பைக்குள் இருக்கும். இரவு ஷிப்டின் களைப்பு கண்களில் தேங்கி நிற்கும். அருகே சென்று ஸலாம் கூறி நலம் விசாரித்தால், சற்றுத் தயங்கிய பின்னரே மனம் திறப்பார்கள். ஒப்பந்த வேலை நிலைக்குமா, நிலைக்காதா? பாதியில் நின்ற படிப்பைத் தொடர்வதா, விடுவதா? அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பெங்களூரில் வேலை தேடுவதா, ஊருக்கே திரும்புவதா? கைப்பேசி வழியே வாங்கிய கடனை எப்படி அடைப்பது? வீட்டில் தாயாரிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது? இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதின் கேள்விகள் இவை.

1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்த நாள் முதல், தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் இந்த எல்லைப் புறத்திற்கு வந்த வண்ணம் இருக்கின்றனர். அண்மைக் காலத்தில் நம் பெண் மக்களும் பெரிய ஆலைகளில் பணியாற்றி, விடுதிகளில் தங்கி வாழ்கின்றனர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் கலந்து ஒலிக்கும் இந்த ஊரில் யாவரும் அயலார். யாவரும் அண்டை வீட்டார்.

இந்த இளைஞர்களிடம் ஓர் எண்ணம் பொதுவாகக் குடிகொண்டிருக்கிறது. பெரியோர்களுக்கெல்லாம் இருபது வயதிலேயே வழி தெளிவாகத் தெரிந்திருந்தது, தமக்கு மட்டுமே இருள் சூழ்ந்திருக்கிறது என்று எண்ணுகிறார்கள். அது உண்மையன்று. டில்லியில் அடங்கியிருக்கும் ஹள்ரத் நிஜாமுத்தீன் அவுலியா (ரஹ்) அவர்களின் பெயரை அறியாத முஸ்லிம் இல்லம் நம் நாட்டில் அரிது. ஆனால் அன்னாரின் இருபதாம் வயது எப்படி இருந்தது என்பதை அறிந்தவர் சிலரே. வேலை இல்லை, கையில் காசு இல்லை, சொந்த வீடு இல்லை, தலைமீது கடன் இருந்தது. பிற்காலத்தில் அன்னாரே தம் சபையில் மனம் விட்டுக் கூறியவற்றைச் சீடரும் கவிஞருமான அமீர் ஹஸன் அவர்கள் 1308-ஆம் ஆண்டு முதல் 1322-ஆம் ஆண்டு வரை கேட்டுக் குறித்து வைத்தார்கள். கிர்மானி குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு சீடரும் பின்னாளில் பல செய்திகளைத் தொகுத்தார்கள். அவற்றிலிருந்து அந்த இளமைக் காலத்தை மட்டும் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

தாயார் தந்த தலைப்பாகை

மங்கோலியரின் படையெடுப்பால் நடு ஆசிய நகரங்கள் அழிந்துகொண்டிருந்த காலம் அது. புகாரா நகரிலிருந்து புறப்பட்டு வந்த ஸையித் குடும்பம் ஒன்று, இன்றைய உத்தரப் பிரதேசத்தில் உள்ள பதாயூன் நகரில் குடியேறிற்று. 13-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அக்குடும்பத்தில் பிறந்த குழந்தைக்கு முஹம்மது என்று பெயரிட்டனர். நிஜாமுத்தீன் என்பது பின்னர் வழங்கிய சிறப்புப் பெயர். தந்தையார் ஸையித் அஹ்மத் அவர்கள், மகன் சிறு பிள்ளையாக இருந்தபோதே இறையடி சேர்ந்துவிட்டார்கள். வளர்க்கும் பொறுப்பு முழுவதும் தாயார் பீபி ஜுலைகா அவர்களின் தோள்மீது விழுந்தது.

அந்த வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் பல. அத்தகைய நாட்களில் தாயார் முகம் வாடியதில்லை. இன்று நாம் அல்லாஹ்வின் விருந்தினர்களாக இருக்கிறோம் என்று மகனிடம் கூறுவார்கள். ஒரு முறை யாரோ ஒருவர் தானியம் அனுப்பி வைக்க, பல நாட்கள் தொடர்ந்து வீட்டில் ரொட்டி கிடைத்தது. சிறுவர் நிஜாமுத்தீனுக்கு அது சலிப்பைத் தந்தது. தாயார் மீண்டும் எப்போது அந்தச் சொல்லைக் கூறுவார்களோ என்று ஏங்கினார்கள். இல்லாமையை இழிவாக எண்ணாத மனம் அந்தத் தாயின் மடியில் உருவாயிற்று.

இன்றும் நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் ஹனபி சட்ட நூலாகிய குதூரியை, மவ்லானா அலாவுத்தீன் உஸூலி அவர்களிடம் நிஜாமுத்தீன் அவர்கள் ஓதி முடித்தார்கள். இனிக் கற்றவர்க்குரிய தலைப்பாகையை அணியலாம் என்று ஆசிரியர் கூறினார்கள். வீட்டில் துணி வாங்கப் பணம் ஏது? தாயார் நூல் நூற்று, அதனை நெய்வித்துத் தலைப்பாகைத் துணியாக்கித் தந்தார்கள். எளிய விருந்து நடைபெற்றது. ஊரார் மத்தியில் அந்தத் தலைப்பாகை மகனின் தலையில் ஏறிற்று.

உங்கள் பட்டயச் சான்றிதழையோ பட்டத்தையோ ஒரு முறை எடுத்துப் பாருங்கள். அதன் பின்னால் எந்தத் தாய் நூற்ற நூல் இருக்கிறது, எந்தத் தந்தையின் வியர்வை இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

காஜி பதவியின்மீது ஆசை

ஏறத்தாழப் பதினாறாம் வயதில், மேற்படிப்பிற்காகத் தாயாருடன் டில்லி வந்து சேர்ந்தார்கள். தலைநகரின் பெரிய ஆலிம்களிடம் ஓதினார்கள். அரபு இலக்கியத்தில் கடினமானதென்று கருதப்படும் ஹரீரியின் மகாமாத்தில் நாற்பது அத்தியாயங்களை மனப்பாடம் செய்தார்கள். விவாதத்தில் எதிராளியை மடக்கும் திறமையைக் கண்டு, உடன் ஓதிய மாணவர்கள் வாதத்தில் வல்லவர் என்னும் பொருளில் பஹ்ஹாஸ் என்ற பட்டப் பெயரைச் சூட்டினர்.

இத்துணை கற்ற இளைஞருக்கு எதன்மீது ஆசை பிறக்கும்? அக்காலத்தில் கற்றவர்க்குரிய உயர்ந்த வேலை காஜி பதவி. அதில் ஊதியம் உண்டு, மதிப்பு உண்டு, தாயாரின் வறுமையும் நீங்கும். ஆகவே நிஜாமுத்தீன் அவர்களும் காஜியாக விரும்பியதில் வியப்பில்லை.

அண்டை வீட்டில் ஷெய்கு நஜீபுத்தீன் முதவக்கில் (ரஹ்) அவர்கள் வாழ்ந்து வந்தார்கள். அஜோதன் என்னும் ஊரில் இருந்த பெரும் ஞானகுரு பாபா பரீதுத்தீன் கஞ்சே ஷகர் (ரஹ்) அவர்களின் உடன்பிறந்த தம்பி அவர்கள். முதவக்கில் என்றால் இறைவன்மீது முழுப் பொறுப்பையும் சாட்டியவர் என்று பொருள். அந்தப் பெயருக்கேற்பவே வாழ்ந்தார்கள். ஒருநாள் நிஜாமுத்தீன் அவர்கள் அன்னாரை அணுகி, தமக்குக் காஜி பதவி கிடைக்க துஆச் செய்யுமாறு வேண்டினார்கள். ஷெய்கு அவர்கள் முதலில் கேளாதவர்போல் இருந்தார்கள். மீண்டும் வேண்டியபோது, காஜியாக வேண்டாம், வேறு ஏதேனும் ஆகுக என்ற கருத்தில் மறுமொழி தந்தார்கள்.

வேறு ஏதேனும் என்றால் என்ன? அதனை அவர்கள் விளக்கவில்லை. தம்பிமாரே, இந்த இடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். நிரந்தரப் பணிக்குரிய பட்டியலில் உங்கள் பெயர் இல்லாதபோது, நேர்காணலில் தேறாதபோது, ஒரு கதவு அடைபடும் ஓசை மட்டுமே உங்கள் காதில் விழுகிறது. எந்தக் கதவு திறக்கப் போகிறது என்பது அந்த வேளையில் யாருக்கும் தெரிவதில்லை. நிஜாமுத்தீன் அவர்களுக்கும் அன்று அது தெரியாது. அன்று காஜியாகியிருந்தால் டில்லிக்கு மேலும் ஒரு காஜி கிடைத்திருப்பார், அவ்வளவே.

அஜோதனை நோக்கி

பதாயூனில் பன்னிரண்டு வயதுச் சிறுவராக ஓதிக்கொண்டிருந்தபோதே, முல்தான் பக்கமிருந்து வந்த ஒரு பாடகர் வாயிலாகப் பாபா பரீதுத்தீன் அவர்களின் பெயரைக் கேள்வியுற்று, அந்தப் பெயரின்மீது இனம் தெரியாத பாசம் கொண்டிருந்தார்கள். டில்லியில் அன்னாரின் தம்பியே அண்டை வீட்டாராக வாய்த்ததும் அந்தப் பாசம் வளர்ந்தது. ஒருநாள் வைகறையில் டில்லி ஜும்ஆப் பள்ளியின் மினாராவிலிருந்து மோதினார் ஓதிய இறைவசனம் காதில் விழுந்தது. இறை நினைவால் உள்ளம் பணிய வேண்டிய வேளையைப் பற்றிப் பேசும் வசனம் அது. கேட்ட மாத்திரத்தில் உள்ளம் கலங்கிற்று. வழிச்செலவுக்கு எதையும் எடுத்துக்கொள்ளாமல் அஜோதனை நோக்கிப் புறப்பட்டார்கள். அது 1257-ஆம் ஆண்டை ஒட்டிய காலம். அன்னாருக்கு வயது ஏறத்தாழ இருபது. அஜோதன் இன்று பாகிஸ்தானின் பஞ்சாபில் பாக்பட்டன் என்ற பெயருடன் விளங்குகிறது.

டில்லி மாணவர் சபைகளை வாதத்தால் கலக்கிய நா, அந்த முதியவரின் முன்னால் ஒரு சொல்லும் எழாமல் ஒட்டிக்கொண்டது. பாபா அவர்கள் அதனைக் குறையாகக் கொள்ளவில்லை. புதிதாக வருவோர்க்கெல்லாம் இத்தகைய அச்சம் உண்டாவது இயல்பே என்று தேற்றினார்கள். அன்றே பைஅத் நடைபெற்றது.

பின்னர் இளைஞர் தம் மனத்தை அரித்த கேள்வியைக் கேட்டார்கள். படிப்பை விட்டுவிட்டு நபிலான வணக்கத்தில் ஈடுபடுவதா, அல்லது படிப்பைத் தொடர்வதா? ஏதேனும் ஒன்றைக் கைவிடுமாறு குரு ஆணையிடுவார்கள் என்றே எதிர்பார்த்திருக்கக் கூடும். பாபா அவர்களோ, கல்வியை விடும்படி தாம் எவரையும் தடுப்பதில்லை என்றும், இரண்டையும் செய்து வருமாறும், எது மேலோங்குகிறது என்று பார்க்கலாம் என்றும் அறிவுறுத்தினார்கள். வாழ்நாள் முழுமைக்கும் உரிய முடிவை இருபது வயதுப் பிள்ளையின் கழுத்தில் அன்றே கட்டிவிட அவர்கள் விரும்பவில்லை. இன்றைய கடமையைச் செய். மற்றதைக் காலம் காட்டும் என்பதே அதன் சாரம்.

உப்பின் விலை

பாபா அவர்களின் இல்லத்தில் செல்வம் இல்லை. டேலா என்னும் காட்டுக் காயைப் பறித்து வந்து நீரில் வேகவைத்து உண்பதே பெரும்பாலும் அங்கு உணவு. ஒருவர் விறகு கொண்டு வருவார். ஒருவர் காய் பறித்து வருவார். மற்றொருவர் நீர் சுமந்து பாத்திரம் கழுவுவார். சமைக்கும் பணி நிஜாமுத்தீன் அவர்களுக்கு. ஒருநாள் சமையலுக்கு உப்பு இல்லை. அருகில் இருந்த கடைக்காரரிடம் சிறிது உப்பைக் கடனாக வாங்கிச் சேர்த்தார்கள்.

உணவு பரிமாறப்பட்டது. பாபா அவர்கள் ஒரு கவளத்தை எடுத்தார்கள். கை கனக்கிறது என்று கூறி அதனைத் திரும்பவும் பாத்திரத்தில் வைத்துவிட்டார்கள். விசாரித்தபோது இளைஞர் உண்மையை மறைக்காமல் ஒப்புக்கொண்டார்கள். நாவின் ஆசைக்காகக் கடன் வாங்குவதைவிடப் பசியோடு மடிவது மேல் என்றும், கடனுக்கும் தவக்குலுக்கும் இடையில் கிழக்கிற்கும் மேற்கிற்கும் உள்ள தூரம் இருக்கிறது என்றும் குரு உணர்த்தினார்கள். அந்த உணவு எளியோர்க்கு அளிக்கப்பட்டது. இனித் தேவை எத்துணை நெருக்கினாலும் கடன் கேட்பதில்லை என்று அந்த இடத்திலேயே நிஜாமுத்தீன் அவர்கள் உறுதி பூண்டார்கள்.

நோய்க்கும் பட்டினிக்கும் கடன் வாங்குவதை மார்க்கம் தடுக்கவில்லை. இங்கே கண்டிக்கப்பட்டது சுவைக்காக வாங்கிய கடன். நம் பிள்ளைகள் தம் சம்பளப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தத் தவணை தேவைக்கு, எந்தத் தவணை உப்புக்கு என்று பிரித்துப் பார்த்தல் நலம். புதுக் கைப்பேசியும் விலையுயர்ந்த இருசக்கர வாகனமும் சிலருக்குத் தேவை, பலருக்கு உப்பு.

கந்தலும் கருணையும்

அந்நாட்களில் அன்னாரின் ஆடை அழுக்கேறிக் கிழிந்திருந்தது. துவைக்கச் சவர்க்காரம் வாங்கவும் வழியில்லை. கிர்மானி குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அம்மையார் அதனைக் கண்டு இரங்கி, தாமே துவைத்து ஒட்டுப் போட்டுத் தருவதாகக் கூறினார்கள். உடுத்திக்கொள்ள ஒரு போர்வையையும் தந்தார்கள். ஆடை உலரும் வரை இளைஞர் ஓர் ஓரத்தில் கிதாபுடன் அமர்ந்திருந்தார்கள். கணவரின் தலைப்பாகையிலிருந்து துணி எடுத்து அந்த அம்மையார் கிழிசலைத் தைத்துக் கொடுத்தார்கள். அந்த நன்றியை ஹள்ரத் அவர்கள் இறுதி வரை மறக்கவில்லை. அந்த அம்மையாரின் பேரரே பின்னாளில் அன்னாரின் வரலாற்றை எழுதி வைத்தவர்.

இல்லத்தரசியரே, உங்கள் தெருவிலும் ஒரே அறையில் நால்வராகவும் அறுவராகவும் தங்கி ஆலைக்குச் சென்று வரும் பிள்ளைகள் இருக்கின்றனர். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு ஒரு குவளை கஞ்சி கொடுத்தனுப்புங்கள். விடுதியில் தங்கியிருக்கும் பெண் பிள்ளையைப் பெருநாள் அன்று உணவுக்கு அழையுங்கள். அந்தப் பிள்ளைகள் நாளை என்ன ஆவார்கள் என்பதை நாம் அறியோம்.

அதே கந்தலோடு இருந்தபோது, டில்லியில் உடன் படித்த நண்பர் ஒருவர் அஜோதன் வந்தார். இந்தக் கோலத்தைக் கண்டு திகைத்தார். டில்லியிலேயே இருந்து பாடம் சொல்லிக் கொடுத்திருந்தால் பெரிய ஆலிமாகி வசதியோடு வாழ்ந்திருக்கலாமே என்று வருந்தினார். நிஜாமுத்தீன் அவர்கள் மறுமொழி கூறாமல் திரும்பினார்கள். செய்தியை அறிந்த பாபா அவர்கள் ஒரு தட்டு நிறைய உணவு வைக்கச் செய்து, அதனைத் தலைமீது சுமந்து சென்று நண்பருக்கு அளிக்குமாறு பணித்தார்கள். நம் வழிகள் வேறு வேறு, உமது வழியில் உமக்கு நலம் உண்டாகுக என்ற கருத்தை நண்பருக்குத் தெரிவிக்கவும் சொன்னார்கள். தலையில் தட்டோடு வந்தவரைக் கண்டு நண்பர் உருகிவிட்டார். தாமும் பாபா அவர்களைக் காணப் புறப்பட்டார்.

தம்மைவிட முன்னேறிய நண்பரைக் காணும்போது இருபது வயதில் ஏற்படும் புழுக்கத்திற்கு இதனினும் சிறந்த மருந்து இல்லை. வாதாடிப் பயனில்லை, பொறாமைப்பட்டும் பயனில்லை. விருந்தோம்புவதே மருந்து.

கிணற்றங்கரையில்

இனிக் கூறப்போவது சற்று வேதனையான நிகழ்ச்சி. பாபா அவர்கள் தம்மிடமிருந்த அவாரிபுல் மஆரிப் என்னும் நூலைக் கொண்டு பாடம் நடத்தி வந்தார்கள். அந்தப் பிரதியில் எழுத்துப் பிழைகள் மலிந்திருந்தன. இளைஞர் எந்தத் தீய எண்ணமும் இன்றி, ஷெய்கு நஜீபுத்தீன் அவர்களிடம் நல்ல பிரதி ஒன்று இருப்பதாகக் கூறிவிட்டார்கள். பிழையான பிரதியைத் திருத்தும் ஆற்றல் இந்தப் பகீருக்கு இல்லையா என்ற கருத்தில் குரு மீண்டும் மீண்டும் வினவினார்கள். அந்தச் சொல் தம்மைக் குறித்ததே என்பதை இளைஞர் முதலில் உணரவில்லை. உணர்ந்ததும் பாதத்தில் விழுந்து மன்னிப்பு வேண்டினார்கள். குருவின் முகம் மாறவில்லை.

உலகமே இருண்டுவிட்டது போலாயிற்று. அழுதுகொண்டே வெளியேறியவர்கள் ஒரு கிணற்றின் அருகே சென்று நின்றார்கள். அதில் விழுந்து மடிந்துவிடலாம் என்ற எண்ணமும் தோன்றிற்று. ஆனால் தாம் இறந்தால் அந்தப் பழி வேறொருவரைச் சேருமே என்ற நினைவு உடனே குறுக்கிட்டது. அங்கிருந்து அகன்றார்கள். பாபா அவர்களின் புதல்வர் ஷிஹாபுத்தீன் அவர்கள் நண்பராக இருந்தமையால், நடந்ததை அறிந்து தந்தையாரிடம் பரிந்து பேசினார்கள். குரு அழைத்தார்கள், மன்னித்தார்கள். மறுநாள் மீண்டும் அழைத்து, இவை யாவும் உம்மைப் பக்குவப்படுத்தவே என்று தேற்றி, தம் ஆடையை அணிவித்தார்கள்.

பிற்காலத்தில் பல்லாயிரம் பேரின் துயரைத் துடைத்த பெரியவருக்கும் இருபது வயதில் கிணற்றங்கரை ஒன்று இருந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். மேலதிகாரியின் கடுஞ்சொல், முறிந்த நிச்சயதார்த்தம், கடன்காரரின் மிரட்டல் ஆகியவற்றால் எவருக்கேனும் அத்தகைய எண்ணம் எழுமானால், அதனால் மட்டும் ஈமான் போய்விட்டதாக அஞ்ச வேண்டாம். ஆனால் அந்த எண்ணத்தோடு தனியே நிற்காதீர்கள். உயிர் அல்லாஹ்வின் அமானத்து. அதனை அழிக்க நமக்கு உரிமையில்லை. கரையிலிருந்து திரும்புங்கள். ஒரு ஷிஹாபுத்தீனைத் தேடுங்கள்; நண்பரிடமோ பெற்றோரிடமோ பள்ளி இமாமிடமோ சொல்லுங்கள். மருத்துவரை நாடுவதும் மார்க்கம் அனுமதித்ததே. அரசாங்கத்தின் மனநல உதவி எண்ணாகிய 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம்.

இருபது ஜீத்தல்

அஜோதனில் பாபா அவர்கள் வலியுறுத்திய அறிவுரைகளுள் இரண்டு, எவருடைய கடனையும் தீர்த்துவிடுவதும் மனம் நொந்தவரைச் சமாதானப்படுத்துவதும் ஆகும். அதனைக் கேட்ட இளைஞருக்குத் தம் கணக்கு நினைவுக்கு வந்தது. டில்லியில் ஒரு துணி வணிகருக்கு இருபது ஜீத்தல் தர வேண்டும். ஜீத்தல் என்பது அக்காலச் சிறு நாணயம். மற்றொருவரிடம் இரவல் வாங்கிய கிதாபு ஒன்று தொலைந்து போயிருந்தது.

டில்லி திரும்பியதும் இருபது ஜீத்தலை ஒன்று சேர்க்க முயன்றார்கள். ஐந்து வரும், பத்து வரும்; இருபது சேரவில்லை. ஒருநாள் பத்து ஜீத்தல் கிடைத்தது. முழுவதும் சேரட்டும் என்று காத்திராமல், வணிகரின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பத்தைப் பெற்றுக்கொள்ளுமாறும், எஞ்சியதைப் பின்னர் தருவதாகவும் கூறினார்கள். வணிகர் வியந்தார். நல்லோர் கூட்டத்திலிருந்து வருகிறீர்கள் போலும் என்று கூறி, பத்தைப் பெற்று மீதிப் பத்தை மன்னித்துவிட்டார். அடுத்துக் கிதாபின் உரிமையாளரிடம் சென்றார்கள். அவருக்கோ இளைஞரை அடையாளமே தெரியவில்லை. தாமே விவரத்தைக் கூறி, வேறொரு பிரதியைப் பார்த்து எழுதித் தருவதாக வாக்களித்தார்கள். அவரும் மகிழ்ந்து அந்த நூலை அவர்களுக்கே விட்டுக் கொடுத்தார்.

வாசகரே, வழி காட்டுமாறு கேட்டுச் சென்றவருக்கு ஞானகுரு தந்த வழி இதுதான்! வானத்தில் ஓர் ஒளியைக் காட்டவில்லை. பாக்கியிருந்த கணக்கைத் தீர்க்கச் சொன்னார்கள். நாமோ வாழ்வின் முழுப் பாதையும் ஒரே நாளில் புலப்பட வேண்டும் என்று ஏங்குகிறோம். ஹிதாயத் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. தீர்க்க வேண்டிய பத்து ஜீத்தலின் வடிவில் வருகிறது. அதனைத் தீர்த்தால் அடுத்த அடி வைக்கும் அளவுக்கு வெளிச்சம் கிடைக்கிறது.

தலைமீது கிதாபுகள்

அஜோதன் சென்று வந்ததோடு துன்பம் தீர்ந்துவிடவில்லை. சுல்தான் பல்பன் 1266-இல் அரியணை ஏறினார். அவருடைய காலத்தில் டில்லியில் முலாம்பழம் மிக மலிவாக விற்றது. அந்த மலிவிலும் பருவத்தின் பெரும்பகுதி ஒரு பழத்தையும் சுவைக்காமலேயே கழிந்தது என்று ஹள்ரத் அவர்களே பின்னாளில் நினைவு கூர்ந்தார்கள்.

டில்லியில் ஆண்டுக்கணக்கில் நிலையான வீடு இல்லை. ஒரு வீட்டில் இரண்டு ஆண்டுகள் இருந்தார்கள். வீட்டு உரிமையாளரின் பிள்ளைகள் ஊர் திரும்பியதும், வேறிடம் தேடுவதற்கும் அவகாசம் தராமல் காலி செய்யச் சொல்லிவிட்டனர். கிதாபுகளைத் தவிர வேறு உடைமை இல்லை. அவற்றைத் தலைமீது சுமந்து சென்று அருகிலிருந்த பள்ளிவாசலில் இரவைக் கழித்தார்கள். காகித வணிகர் ஒருவர் செய்தியறிந்து மறுநாள் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்றார். இவ்வாறு பல வீடுகள் மாறிய பின்னரே, யமுனைக் கரையில் கியாஸ்பூர் என்னும் சிற்றூரில் குடியமர்ந்தார்கள்.

தாயாரின் பிரிவும் டில்லியிலேயே நேர்ந்தது. ஒவ்வொரு மாதமும் பிறை கண்டதும் தாயாரின் பாதத்தில் தலை வைப்பது மகனின் வழக்கம். ஒரு பிறை நாளில், அடுத்த மாதம் யார் பாதத்தில் தலை வைப்பாய் என்று தாயார் வினவினார்கள். மகன் கதறி, தம்மை யாரிடம் ஒப்படைத்துச் செல்கிறீர்கள் என்று கேட்டார்கள். விடிந்ததும் கூறுவதாகத் தாயார் சொன்னார்கள். வைகறையில் அழைத்து, மகனின் வலக்கரத்தைப் பற்றி, இறைவா, இவரை உன்னிடமே ஒப்படைக்கிறேன் என்ற பொருள்பட உரைத்து உயிர் நீத்தார்கள். அந்த ஒரு சொல்லுக்கு ஈடாக வீடு நிறைய முத்துக்களை விட்டுச் சென்றிருந்தாலும் தமக்கு அத்துணை மகிழ்ச்சி ஏற்பட்டிருக்காது என்பார்கள் ஹள்ரத் அவர்கள். டில்லியில் குதுப் மினார் செல்லும் வழியில் உள்ள அத்சினியில் அந்தத் தாயார் அடங்கியுள்ளார்கள்.

வெள்ளிக்கிழமை வீடு

பிறகு நடந்தவை யாவரும் அறிந்தவை. கியாஸ்பூரின் வாயில் எல்லாச் சமயத்தாருக்கும் திறந்திருந்தது. நாள்தோறும் அங்கே எண்ணற்றோர் உண்டனர். அரசவைப் பதவி எதனையும் ஹள்ரத் அவர்கள் நாடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவிற்குப் புறப்படும் முன்னர், களஞ்சியத்தில் உள்ளவற்றையெல்லாம் எளியோர்க்கு வழங்கி அறைகளைக் கூட்டிப் பெருக்கச் செய்வார்கள். ஸஹர் வேளையில் உணவு கொண்டு வந்தால் உண்ண இயலாமல் கண் கலங்குவார்கள். பள்ளிவாசல்களிலும் கடை ஓரங்களிலும் பசியோடு படுத்திருப்பவர்களின் நினைவு தொண்டையை அடைத்தது. ஒரு காலத்தில் தாமும் கிதாபுகளைச் சுமந்து பள்ளிவாசலில் படுத்தவர்கள் அல்லவா!

ஹிஜ்ரி 725, ரபீயுல் ஆகிர் பிறை 18-இல், 1325-ஆம் ஆண்டில் ஹள்ரத் அவர்கள் இவ்வுலகை விட்டு மறைந்தார்கள். அன்னாரின் சீடர் ஷெய்கு நஸீருத்தீன் அவர்கள் வழியே அந்த ஞான மரபு தெற்கிலும் பரவிற்று. நம் எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் குல்பர்காவில் அடங்கியிருக்கும் ஹள்ரத் பந்தே நவாஸ் கேசு தராஸ் (ரஹ்) அவர்கள் அந்த நஸீருத்தீன் அவர்களின் சீடர்களே.

தம்பிமாரே, தங்கையரே! அடுத்த வெள்ளிக்கிழமை தூணருகே அமரும்போது, பத்து ஆண்டுகளுக்குப் பின்னர் என்னவாவோம் என்ற கணக்கைச் சற்று ஒதுக்கி வையுங்கள். யாருக்குப் பத்து ஜீத்தல் பாக்கி, யார் மனத்தை நோகச் செய்தோம், எந்தப் பாடம் பாதியில் நிற்கிறது என்று எண்ணுங்கள். அவற்றுள் ஒன்றைத் தொழுகை முடிந்ததும் எழுந்து சென்று தீர்த்து வாருங்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ், வழி தேடும் நம் இளைஞர்களின் உள்ளங்களுக்கு அமைதியையும் கரங்களுக்கு ஹலாலான ரிஸ்கையும் தந்து, அவர்களை நல்லோருடன் சேர்த்து வைப்பானாக! ஆமீன்.